கரிமூக்கனின் தண்ணீர்

பதினொரு கண்ணாடி ஜாடிகள் ஓர் அட்டைப்பெட்டியில் வந்து இறங்கின. பெட்டியைப் பிரித்து, தூசி துடைத்து, அலமாரியில் அடுக்கியது நான்தான். ஒவ்வொரு ஜாடியிலும் ஏற்கெனவே ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. எழுத்துக்கூட்டி வாசித்தேன். மேலே வாயில் நுழையாத ஒரு பெயர். அதன் கீழே, 'மேல் ஏரியில் மட்டும் வாழ்ந்தது' என்று அச்சடித்திருந்தார்கள்.

வாழ்ந்ததாம். அந்த மீன் என் முழங்கைக்குப் பக்கத்துத் தொட்டியில், கண்ணாடியோரமாக வந்து நின்று, அதே ஜாடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

விரல் நீளம்தான் இருக்கும். உடம்பெல்லாம் சாம்பல் நிறம். மூக்கு மட்டும் கரியில் குத்தி எடுத்ததுபோல் இருக்கும். அதனால் எங்களுக்கு அது கரிமூக்கன். பேருந்து போய் நிற்கும் கடைசி இடத்திலிருந்து ஆறு மணி நேரம் ஏறினால் மேல் ஏரி வரும். அதைத் தவிர உலகத்தில் வேறெந்தத் தண்ணீரிலும் அந்த மீன் இருந்ததில்லை. இப்போது அங்கேயும் இல்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் கடைசியாகப் பிடித்துக் கொண்டுவந்ததில் மிஞ்சியவை இந்தப் பதினொன்று. அவற்றை மூன்று தொட்டிகளில் பிரித்து வைத்திருந்தோம்.

எங்கள் மீன் ஆராய்ச்சிக் கூடம் முன்பு ஒரு பெரிய சலவை நிலையமாக இருந்தது. தரை நடுவை நோக்கிச் சரிந்திருக்கும். எவ்வளவு தண்ணீர் கொட்டினாலும் நடுவில் இருக்கும் வடிகால் துளை குடித்துவிடும். சுவரில் இன்னும் சோப்பு வாசம் போகவில்லை. அங்கே தொட்டி கழுவுவது என் வேலை. அதற்கு முன்னால் முப்பது வருடம் கல் சுமந்தேன், மண் வெட்டினேன். முழங்கால் 'இனி நான் வரமாட்டேன்' என்று சொன்ன பிறகு, இரண்டு வருடத்துக்கு முன்னால் இங்கே வந்து சேர்ந்தேன்.

கூடத்தின் கவலை ஒன்றே ஒன்றுதான். கரிமூக்கன் முட்டையிடவில்லை. இரண்டு குளிர்காலம் போய்விட்டது. பெண் மீன்களுக்கு வயிறு புடைக்கும், பிறகு தானாகவே வற்றிவிடும். இந்த மீனுக்கு ஆயுசே ஆறு வருடம் என்று டாக்டரம்மா சொன்னார். டாக்டரம்மா என்றால் மீன் ஆராய்ச்சி டாக்டர், கூடத்துக்குத் தலைவர். எங்கள் மீன்களுக்கு ஐந்து வயது முடிந்திருந்தது. இந்தக் குளிர்காலமும் கைவிட்டால் கதை முடிந்தது. செத்த மீன்களைப் போட்டுவைக்கத்தான் தலைமை அலுவலகம் ஜாடிகளை முன்கூட்டியே அனுப்பியிருந்தது.

அந்த ஜாடிகளை நான் இரண்டு இரண்டு தடவை துடைத்ததற்குக் காரணம் உண்டு. கூடத்தில் யாருக்கும் தெரியாத ஒரு சங்கதி அது. மேல் ஏரியின் தென்கரையை வெட்டி, கீழே இருக்கும் ஆலைக்குத் தண்ணீர் இறக்கினார்களே ஒரு கால்வாய், அதை வெட்டிய நாற்பது பேரில் நானும் ஒருவன். எட்டு வருடத்துக்கு முன்னால், ஒரு குளிர்காலம் முழுக்க அங்கே கூடாரம் போட்டுக் கிடந்தோம். அந்த ஏரித் தண்ணீரைத்தான் குடித்தோம். அதற்கு ஒரு ருசி இருந்தது. பழைய ஆணியை வாயில் வைத்தால் வருமே, அந்த ருசி. வடகரையில் ஒரு சிவப்புப் பாறை தண்ணீருக்குள் காலை நனைத்துக்கொண்டு நிற்கும். அதன் வெடிப்பிலிருந்து எந்நேரமும் கசியும். கசிவு விழும் இடத்தில் குளிர்காலத்தில் கரிமூக்கன்கள் கும்பல் கும்பலாக மொய்க்கும். "இங்க என்னடா கல்யாணமா?" என்று நாங்கள் கேலி பேசிக்கொண்டே பல் துலக்குவோம். கால்வாயைத் திறந்தார்கள். ஏரி வருடா வருடம் இறங்கியது. நாங்கள் மூட்டையைக் கட்டிக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டோம்.

இனி குழாய் விஷயம். தொட்டியின் அடியில் சேரும் கசடை ரப்பர் குழாயால் எடுக்க வேண்டும். அதற்கு மின்சார மோட்டார் கொடுத்திருந்தார்கள். அதைப் போட்டால் மீன்கள் மிரண்டு கண்ணாடியில் முட்டிக்கொள்ளும். அதனால் குழாயின் ஒரு முனையைத் தொட்டியில் விட்டு, மறுமுனையை வாயால் ஓர் இழுப்பு இழுத்து, வாளியில் விட்டுவிடுவேன். தண்ணீர் தானே இறங்கும், மீனுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அது கண்டிப்பாகக் கூடாது. தண்ணீரில் சில நாள் மருந்து கலந்திருக்கும். சுவரில் மாட்டிய பலகையில் பெரிதாக எழுதியிருந்தது: 'குழாயை வாயால் உறிஞ்சாதீர்.'

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தப் பலகைக்கு வண்ணம் அடித்ததும் நான்தான்.

என் மனைவியின் தம்பி, என் மச்சான், பெயர்ப்பலகை எழுதுகிறவன். விடுமுறை நாட்களில் அவனுக்கு ஏணி பிடிப்பேன். அவன் கோடு போடுவான், நான் உள்ளே வண்ணம் நிரப்புவேன். அப்படித்தான் நாற்பத்தேழாவது வயதில் எழுத்துப் படித்தேன். என் முதல் எழுத்து 'வா'. 'வாகனங்களை இங்கே நிறுத்தாதீர்' என்பதில் வரும் 'வா'. என் படிப்பு முழுக்க இப்படித்தான்: துப்பாதீர், தொடாதீர், சாயாதீர். அதைத் தாண்டி ஒரு வாக்கியம் எழுத எனக்கு மூன்று வருடம் ஆனது.

தினமும் உறிஞ்சியதால் மூன்று தொட்டிகளின் ருசியும் எனக்கு அத்துப்படி. மூன்றிலும் அந்த ஆணி ருசி இல்லை. சப்பென்றிருந்தது. சோதனையில் எட்டு விதமாக அளந்து, மேல் ஏரித் தண்ணீர் மாதிரியே கலந்ததுதான் அது. ஆனால் அளந்து பார்க்க அவர்கள் ஏரியிலிருந்து தண்ணீர் எடுத்து வந்ததே கால்வாய் வெட்டிய பிறகுதான்.

மேற்பார்வையாளரிடம் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் ரூல்தடி. ஆளும் அப்படி, பேச்சும் அப்படி.

"சார், தண்ணி ருசி சரியில்ல சார்."

"குடிக்கவா வச்சிருக்கு?"

"மீன் குடிக்குதுல்ல சார்."

"அது வந்து உங்கிட்ட புகார் குடுத்துச்சா? போய்யா குழாய், வாளிய எடு."

குழாய் என்பது எனக்கு அவர் வைத்த பெயர். ஆளுக்கொரு பெயர், கணக்குச் சரி.

ஜாடிகளை அடுக்கிய அன்று வீட்டுக்குப் போய் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. மனைவி தையல் மெஷினை நிறுத்தினாள். ஒரு தொழிற்சாலைக்குக் கையுறை தைத்துக் கொடுக்கிறாள் அவள். மெஷினை நிறுத்தினால் விஷயம் பெரிது என்று பொருள்.

"என்னங்க, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கீங்க?"

எல்லாவற்றையும் சொன்னேன். கால்வாயையும் சொன்னேன். மச்சானும் இருந்தான், தட்டில் கை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

"ரெண்டு வருஷமா இத வயித்துக்குள்ளயா வச்சிருந்தீங்க?" என்றாள் அவள். "மீனுக்கும் உங்களுக்கும் ஒரே வியாதிதான் போங்க. வயிறு புடைக்குது, ஒண்ணும் வெளிய வரல."

மச்சான் புரையேறிச் சிரித்தான். பிறகு, "மாமா, அங்க ஒரு பதிவேடு இருக்குன்னு சொல்வீங்களே, அதுல எழுதிடுங்க" என்றான்.

இருந்தது. பழைய தலைவர் ஒருவர் ஏற்படுத்திய விதி அது. நாள் பதிவேட்டில் யார் எதை எழுதினாலும், அதன் கீழே தலைவர் பதில் எழுதிக் கையெழுத்துப் போடாமல் பக்கத்தைத் திருப்பக் கூடாது. சோதனைக்கு வருகிறவர்கள் வேறெதையும் பார்க்க மாட்டார்கள், அதைத்தான் பார்ப்பார்கள். ரூல்தடி தினமும் 'எல்லாம் சரி' என்று எழுதுவார். டாக்டரம்மா 'பார்த்தேன்' என்று எழுதுவார். கூலியாள் எவனும் அதில் எழுதியதில்லை. எழுதக் கூடாது என்று விதி இல்லை. எழுதத் தெரிந்தவன் இல்லை, அவ்வளவுதான்.

"ருசி எப்படித் தெரியும்னு கேப்பாங்களேடா" என்றேன். "உறிஞ்சினேன்னு எழுதினா வேலை போயிடும்."

"மீன் செத்தா மட்டும் வேலை இருக்குமா?" என்றாள் மனைவி. மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது. அவளைப் பொறுத்தவரை பேச்சு முடிந்துவிட்டது.

மறுநாள் காலையில் எல்லோருக்கும் முன்னால் போனேன். பதிவேட்டைத் திறந்தேன். எனக்குத் தெரிந்தது பலகை எழுத்து ஒன்றுதான். சின்னதாக எழுத வராது. ஒரு முழுப் பக்கமும் பாதியும் பிடித்தது. எழுதியது இதுதான்:

'தண்ணீரை நம்பாதீர். இது கால்வாய்க்குப் பிந்திய தண்ணீர். முந்திய தண்ணீர் வேறு. வடகரையில் சிவப்புப் பாறை கசியும். அதில் ஆணி ருசி உண்டு. கரிமூக்கன் குளிரில் அங்கே கூடும். நான் கண்டேன். கால்வாய் வெட்டியதில் நானும் ஒருவன். குழாயை வாயால் உறிஞ்சுகிறேன். அதனால் ருசி தெரியும். தொட்டி கழுவுபவர்.'

ரூல்தடி வந்தார், திறந்தார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"யோவ்! என்னய்யா இது, சுவரு மாதிரி எழுதி வச்சிருக்க?"

"எனக்குச் சுவர்லதான் சார் பழக்கம்."

"ஒரே பக்கத்துல ரெண்டு குத்தத்த ஒத்துக்கிட்டிருக்கியே! இத எப்படிய்யா நான் மறைக்கிறது?"

"ஒன்றரைப் பக்கம் சார்."

அந்த நேரம் டாக்டரம்மா உள்ளே வந்தார். நின்றபடி வாசித்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து இன்னொரு தடவை வாசித்தார். குழாயைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக நின்றேன்.

"தினமும் உறிஞ்சுறீங்களா?"

"ஆமாம்மா. மூணு தொட்டியும்."

"இத ஏன் ரெண்டு வருஷமா சொல்லல?"

"சொன்னேம்மா. எழுதல."

டாக்டரம்மா ரூல்தடியைப் பார்த்தார். ரூல்தடி கூரையைப் பார்த்தார்.

"சரி, இங்கயே இருங்க" என்று உள்ளே போனவர், ஏழு டம்ளர்களோடு வந்தார். எல்லாவற்றிலும் தண்ணீர். பார்க்க ஒன்றுபோலவே இருந்தன. "எது எதுன்னு சொல்லுங்க பாப்போம். மருந்து எதுலயும் இல்ல, பயப்படாதீங்க."

ஒவ்வொன்றாக நாக்கில் விட்டேன். முதலாவது குழாய்த் தண்ணீர். இரண்டாவது, ஒன்றுமே இல்லாத தண்ணீர், சவம் மாதிரி. "காய்ச்சி வடிச்சது" என்று டாக்டரம்மா தலையாட்டினார். மூன்றும் நான்கும் எங்கள் தொட்டிகள். எது முதல் தொட்டி, எது இரண்டாவது என்றும் சொன்னேன். ஐந்தாவது மழைத் தண்ணீர். ஆறாவதில் ஒரு நிமிடம் நின்றேன்.

"இது ஏரிதாம்மா. ஆனா இப்பத்த ஏரி."

"மூணு வருஷம் முன்ன எடுத்தது" என்றார் அவர். குரல் மாறியிருந்தது.

ஏழாவதை வாயில் விட்டதும் சிரிப்பு வந்துவிட்டது. "கிட்ட வந்துட்டீங்க. ஆனா இது பாறை இல்லம்மா, நிஜ ஆணி."

அவர் பையிலிருந்து ஒரு துருப்பிடித்த ஆணியை எடுத்து மேசைமேல் வைத்தார். ரூல்தடி பொறுக்க முடியாமல் ஆறாவதிலும் ஏழாவதிலும் ஒவ்வொரு மடக்கு குடித்துப் பார்த்து, "எல்லாம் தண்ணியாத்தான் இருக்கு" என்றார்.

டாக்டரம்மா பேனாவைத் திறந்தார். என் எழுத்துக்குக் கீழே மிச்சமிருந்த அரைப்பக்கத்தில் எழுதி, எனக்கு வாசித்தும் காட்டினார்: 'பாறையைப் போய்ப் பார்க்க வேண்டும். எழுதியவர் வழிகாட்ட வேண்டும். உறிஞ்சுவது இன்றோடு நிற்க வேண்டும்.' வேலை போனது என்று அதில் எங்கும் இல்லை. நானும் ஒரு தடவை எழுத்துக்கூட்டிப் பார்த்துவிட்டேன்.

மூன்று பேர் ஏறினோம். சாட்சி வேண்டும் என்று விதி இருந்ததால் ரூல்தடியும் வந்தார். நாலாவது மணி நேரத்தில் அவர், "இந்த விதிய எழுதினவன் ஏறிப் பாத்திருக்க மாட்டான்" என்றார்.

ஏரி வந்தது. ஓர் ஆள் உயரத்துக்குமேல் இறங்கிக் கிடந்தது. சிவப்புப் பாறை தண்ணீரை விட்டுத் தள்ளி, கரையில் தனியாக நின்றது. அதன் உடம்பில் ஒவ்வொரு வருடத்துத் தண்ணீரும் ஒரு கோடு விட்டுப் போயிருந்தது. டாக்டரம்மா மேலிருந்து விரலால் எண்ணிக்கொண்டே வந்தார். மூன்றாவது கோடு பாறையின் காலடியில் இருந்தது. அங்கே நின்றுவிட்டார்.

"மூணு கோடு, கால்வாய் திறந்து மூணு வருஷம். அதுக்கப்புறம் பாறைக்கும் தண்ணிக்கும் தொடுப்பே இல்ல. இங்க கடைசியா பொரிச்சது நம்மகிட்ட இருக்கிற பதினொண்ணுதான்." அவர் என் பக்கம் திரும்பினார். "அதுக்கும் வயசு அஞ்சு."

எனக்கு அந்தக் கணக்குப் புரிந்தது. ஆனால் என் கண் வெடிப்பின் மேல் இருந்தது. கையை உள்ளே விட்டேன். ஈரம். முழங்கை வரை விட்டேன். கசிந்துகொண்டுதான் இருந்தது. பாறைக்குள்ளேயே சொட்டி, மண்ணுக்குள் போய்க்கொண்டிருந்தது. விரலை நாக்கில் வைத்தேன்.

"இதாம்மா!" என்று நான் போட்ட கூச்சலில் ரூல்தடி வழுக்கி உட்கார்ந்துவிட்டார்.

சொட்டுச் சொட்டாக இரண்டு கேன் பிடிக்க மறுநாள் மத்தியானம் ஆனது. பாறையிலிருந்து உதிர்ந்த கற்களையும் ஒரு சாக்கில் கட்டினேன். முழங்கால் முனகியது. ஆனால் முதுகு பழைய சிநேகிதனைக் கண்டதுபோல் மூட்டையை வாங்கிக்கொண்டது. முப்பது வருடம் சுமந்ததில் ஒரு மூட்டைகூட இப்படி லேசாக இருந்ததில்லை.

கற்களால் நோய் வரலாம் என்று டாக்டரம்மாவுக்குப் பயம். மூன்று தொட்டிக்கும் போட்டால் எல்லாமே ஒரே நாளில் போய்விடலாம். அதனால் கற்களைக் கொதிக்க வைத்து, மூன்றாம் தொட்டியில் மட்டும் வைத்தார். அதில் நான்கு மீன்கள். கேன் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார். "தினமும் ருசி பாத்து எழுதுங்க, ஸ்பூன்ல" என்றார். நானும் எழுதினேன்: 'ஆணி குறைவு.' 'ஆணி சரி.' 'ஆணி சரி.' கீழே அவர் கையெழுத்து. ரூல்தடியின் 'எல்லாம் சரி'க்கு இடமே இல்லாமல் போய்விட்டது.

ஒரு வாரம் போனது. ஒன்றும் நடக்கவில்லை. பத்தாம் நாள் ஒரு மீன் மூலையில் ஒதுங்கிக்கொண்டு சாப்பிட மறுத்தது. டாக்டரம்மா அன்று முழுக்க அந்தத் தொட்டிக்குப் பக்கத்திலேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தார். தலைமை அலுவலகத்திலிருந்து போன் வந்தபோது, "இன்னும் இல்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தார். நான் அலமாரிப் பக்கம் போவதையே விட்டுவிட்டேன்.

பதின்மூன்றாம் நாள் காலை. நான்கும் கற்களுக்கு மேல் ஒன்றாகக் கூடி நின்றன. மூக்குகள் கல்லைத் தொட்டபடி. எட்டு வருடத்துக்கு முன்னால் பார்த்த அதே கூட்டம், சின்னதாக. அடியில் கசடு சேர்ந்திருந்தது, எடுத்தே ஆக வேண்டும். மோட்டாரைப் போட்டால் கலைந்துவிடும். சுவரில் பலகை என்னைப் பார்த்தது. நான் அடித்த வண்ணம்தானே, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளட்டும் என்று குழாயை வாயில் வைத்து ஓர் இழுப்பு இழுத்தேன்.

தண்ணீரோடு நாக்கில் ஏதோ ஒன்று வந்து உட்கார்ந்தது. கசடு என்றால் கரையும். மணல் என்றால் நறநறக்கும். இது உருண்டது. கடுகைவிடச் சின்னது, ஆனால் உருண்டது.

குழாயை விரலால் அடைத்தேன். மூச்சை அடக்கினேன். மெதுவாக உள்ளங்கையில் விட்டேன். கண்ணாடி மணிபோல் ஒன்று. நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி.

"டாக்டரம்மா!" என்று கத்த வாய் திறக்கப் பயம், இன்னொன்று இருந்துவிட்டால்? கையை ஏந்தியபடி, வாயை மூடிக்கொண்டு, "ம்ம்! ம்ம்!" என்று கூடம் முழுக்க ஓடினேன். எனக்குப் பக்கவாதம் வந்துவிட்டது என்று ரூல்தடி நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடிவந்தார்.

டாக்டரம்மா என் உள்ளங்கையைப் பார்த்தார். அதை அப்படியே பிடித்துக்கொண்டு லென்ஸை எடுத்தார். அப்புறம் மூன்றாம் தொட்டியின் கற்களுக்கு அடியில் விளக்கைக் காட்டினார். கல்லின் அடிப்பக்கம் முழுக்க மணிமணியாக ஒட்டியிருந்தது. அவர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. ரூல்தடி தூக்கி வந்த நாற்காலியில் தானே உட்கார்ந்து கண்ணைத் துடைத்தார்.

"வாயால உறிஞ்சினீங்களா?" என்றார் டாக்டரம்மா, எழுந்துகொண்டே.

"ஆமாம்மா."

"பதிவேட்டுல எழுதிடுங்க. பதில் நான் எழுதிக்கிறேன்."

என் வாய்க்குள் வந்த அந்த முட்டையைத் தனிக் கிண்ணத்தில் வைத்தார்கள். பிழைக்காது என்றார்கள். முதலில் பொரித்ததே அதுதான். மற்ற இரண்டு தொட்டிகளுக்கும் கல் போனது, அங்கேயும் முட்டை வந்தது. வெயில் காலத்துக்குள் எங்களிடம் கரிமூக்கன் குஞ்சுகள் முந்நூற்றுச் சொச்சம்.

தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். பதிவேட்டைப் புரட்டி, என் ஒன்றரைப் பக்கத்தில் நின்று, "இது யார் எழுதினது?" என்று கேட்டார். "எங்க குழாய் சார்" என்றார் ரூல்தடி, பெற்ற பிள்ளையைச் சொல்வதுபோல. அந்தப் பக்கத்தைப் படம் பிடித்துக்கொண்டு போய்த்தான் ஆலைக்காரர்களிடம் பேசினார்கள். ஆலைக்கு வேறு பக்கத்திலிருந்து தண்ணீர் வந்தது. கால்வாயை அடைக்க உத்தரவானது. அதற்கு ஆள் எடுத்தபோது டாக்டரம்மா தடுத்தும் கேட்காமல் நான் முதல் ஆளாகப் போய் நின்றேன். வெட்டிய கைதானே. முதல் கல்லை நான்தான் போட்டேன். மனைவி தைத்துக் கொடுத்த கையுறை போட்டுக்கொண்டு.

இரண்டு மழைக்காலம் வந்து போனது. ஏரி ஏறி வந்து பாறையின் காலைத் தொட்டது. அதற்கு மறுவாரம் நாங்கள் குஞ்சுகளைச் சுமந்துகொண்டு ஏறினோம். மச்சானும் வந்தான், மனைவியும் வந்தாள். கசிவு விழும் இடத்தில் கேனைச் சாய்த்தேன். ஒரு நொடி திகைத்து நின்றன. பிறகு யாரும் வழி சொல்லாமலே மூக்கைத் திருப்பி, வெடிப்பை நோக்கி ஒரே ஓட்டம்.

"பாருங்க, பொறந்த வீட்ட எப்படிக் கண்டுபிடிச்சிருச்சு" என்றாள் மனைவி. "நீங்க கடைக்குப் போனா வீட்டுக்கு வழி தெரியாது."

நான் குனிந்து இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளிக் குடித்தேன். ஆணி ருசி நாக்கில் ஏறியது.

"யோவ் குழாய்," என்று பின்னாலிருந்து ரூல்தடி குரல் கொடுத்தார், "வாயால உறிஞ்சாதன்னு எத்தன தடவ சொல்றது?"

"கையாலதான் சார் குடிக்கிறேன்" என்று இன்னொரு கை அள்ளினேன்.

ஜாடிகள் பதினொன்றும் சீட்டு உரிக்கப்பட்டு மச்சான் கடையில் இருக்கின்றன. அவன் தூரிகைகளை அதில்தான் ஊற வைக்கிறான்.